குழந்தையை முதுகில் சுமக்கும் பை: முதன்முறையாக வாங்குவோருக்கான செய்முறை விளக்கம்

பத்து மாதக் குழந்தையாக இருந்த எங்கள் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பழனி மலையின் 693 படிகளையும் ஏறி இறங்கியபோது, என் இடக்கை மறுநாள் மாலை வரை மரத்துக் கிடந்தது. அதன் பிறகே, உலோகச் சட்டமும் இருக்கையும் கொண்ட, முதுகில் மாட்டிக்கொள்ளும் கேரியரைத் தேடத் தொடங்கினேன். குழந்தைக்கு வசதியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து முதல் பையை வாங்கினேன். அதன் முதுகுப் பகுதி என் உடலுக்கு நீளமாக இருந்ததால் இடுப்புப் பட்டை தொடைப் பக்கம் இறங்கிவிட, முழுச் சுமையும் தோளில் தொங்கியது. சுமப்பவருக்குப் பொருந்தாத பையில் குழந்தைக்கும் பாதுகாப்பு இல்லை என்பதை அப்போது உணர்ந்தேன். மார்போடு அணைத்துக் கட்டும் துணிக் கேரியருக்கு வேறு விதிகள் உண்டு. கீழே உள்ளவை சட்டம் வைத்த முதுகுப் பைக்கு மட்டுமே உரியவை.

படி 1: குழந்தை தயாராகிவிட்டதா என்று பாருங்கள்

குழந்தைக்குத் தலை நின்றுவிட்டது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் பருவம் இதற்குப் போதாது. யாரும் பிடிக்காமல், தலையணை முட்டுக் கொடுக்காமல், குழந்தை தானாகச் சில நிமிடங்கள் நிமிர்ந்து உட்கார வேண்டும். பெரும்பாலான குழந்தைகள் ஆறு மாதத்துக்குப் பிறகே இந்த நிலைக்கு வருகிறார்கள். ஏறக்குறைய 7 கிலோ எடையையும் பல நிறுவனங்கள் குறைந்தபட்ச அளவாக வைத்திருக்கின்றன. வயது, எடை, உட்காரும் திறன் ஆகிய மூன்றும் சேர்ந்து வரும்வரை காத்திருங்கள். முதுகு நிற்காத குழந்தை இருக்கையில் சரிந்து, தாடை மார்பில் அழுந்தினால் மூச்சுப் பாதை குறுகிவிடும். அது உங்கள் முதுகுக்குப் பின்னால் நடப்பதால் உங்கள் கண்ணில் படாது. குறைமாதத்தில் பிறந்த குழந்தையானால் குழந்தை மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

படி 2: மொத்தச் சுமையைக் கணக்கிடுங்கள்

சட்டம் வைத்த பை மட்டுமே மூன்று முதல் மூன்றரை கிலோ வரை இருக்கும். பத்து கிலோக் குழந்தை, இரண்டு லிட்டர் தண்ணீர், மாற்றுத் துணி, டயப்பர், தின்பண்டம் எல்லாம் சேர்ந்தால் சுமை பதினாறு கிலோவைத் தொட்டுவிடும். பையில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச எடை எதையெல்லாம் சேர்த்துச் சொல்லப்படுகிறது என்பதைக் கவனமாகப் படியுங்கள். ஆஸ்ப்ரே நிறுவனத்தின் போகோ வகையில் 22 கிலோ என்பது பை, குழந்தை, பொருள்கள் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்த அளவு. குழந்தையின் எடையை மட்டும் தனியாகக் குறிப்பிடும் நிறுவனங்களும் உள்ளன. இவ்வகைப் பைகளுக்கென உள்ள ஐரோப்பாவின் ஈஎன் 13209-1, அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் எஃப்2549 ஆகிய தரக்குறியீடுகளில் ஒன்றாவது லேபிளில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

படி 3: உங்கள் முதுகை அளந்துகொள்ளுங்கள்

தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் ஓர் எலும்பு துருத்திக்கொண்டு நிற்கும். இரு கைகளையும் இடுப்பில் ஊன்றினால் விரல்களுக்குக் கீழே இடுப்பெலும்பின் மேல் விளிம்பு தட்டுப்படும். இரண்டு கட்டைவிரல்களும் முதுகெலும்பை நோக்கி நீளும் இடமே அளவின் கீழ்ப்புள்ளி. கழுத்தெலும்பிலிருந்து அந்தப் புள்ளி வரை தையல்காரர் டேப்பால் மற்றொருவரை அளக்கச் சொல்லுங்கள். உடல் உயரத்தை வைத்து இதை ஊகிக்க முடியாது. ஒரே உயரமுள்ள இருவரின் முதுகு நீளம் நான்கைந்து சென்டிமீட்டர் வேறுபடலாம். கணவனும் மனைவியும் மாறி மாறிச் சுமப்பதாக இருந்தால், இருவரின் அளவுக்கும் ஏற்றி இறக்கக்கூடிய முதுகுப் பகுதி உள்ள பையையே வாங்குங்கள். மற்ற எந்த வசதிக்காகவும் இதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

படி 4: அரிசி மூட்டையோடு சோதியுங்கள்

வாங்கியதும் குழந்தையை உட்காரவைக்காமல், பத்து கிலோ அரிசிப் பையைப் போர்வையில் சுற்றி இருக்கையில் வைத்துக் கட்டுங்கள். எல்லாப் பட்டைகளையும் தளர்த்திவிட்டுப் பையை மாட்டுங்கள். முதலில் இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல் அமரச் செய்து இறுக்கி, அடுத்துத் தோள் பட்டைகளையும், பிறகு தோளுக்கு மேலே பையை உடலோடு இழுக்கும் சிறு நாடாக்களையும், கடைசியாக மார்புப் பட்டையையும் சரிசெய்யுங்கள். சுமையின் பெரும்பகுதி இடுப்பில் இறங்கியிருந்தால், தோள் பட்டைக்கு அடியில் விரலை எளிதாக நுழைக்க முடியும். அரை மணி நேரம் வீட்டுக்குள் நடந்து, மாடிப்படி ஏறி இறங்குங்கள். தோள் எரிந்தாலோ பட்டை வழுக்கினாலோ உடனே திருப்பி அனுப்பிவிடுங்கள். முதல் பையைப் பழகிவிடும் என்று வைத்துக்கொண்டது என் தவறு.

படி 5: குழந்தையின் இருக்கையைப் பாருங்கள்

இருக்கை இரு தொடைகளையும் தாங்க வேண்டும். முழங்கால் இடுப்பின் மட்டத்திலோ சற்று மேலேயோ இருக்க வேண்டும். குறுகிய பட்டையின் மேல் கால்கள் தொங்கினால் இடுப்பு மூட்டுக்கு நல்லதன்று, கால்களும் மரத்துப்போகும். பாதம் ஊன்றும் வளையங்கள் குழந்தை வளர வளர நகர்த்தக்கூடியவையாக இருக்கட்டும். தோள்களையும் இடுப்பையும் கால்களுக்கிடையிலும் பிடிக்கும் வார்கள் அவசியம். வெயில் மறைப்பு தனியாக விற்கப்படுகிறதா, பையோடு வருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 6: ஏற்றி இறக்கப் பழகுங்கள்

பையின் அடியில் உள்ள தாங்குகால் முழுதாக விரிந்து பூட்டிக்கொள்ள வேண்டும். தரையில் மட்டுமே நிறுத்துங்கள். மேசையிலோ கட்டிலிலோ திண்ணையிலோ ஒரு நொடிகூட வேண்டாம். குழந்தையை உட்காரவைத்து வார்களைப் பூட்டியபின், முழங்காலை மடக்கிப் பையைத் தொடை மேல் ஏற்றி, அங்கிருந்து முதுகுக்குக் கொண்டுபோங்கள். முதல் சில நாள்கள் ஒருவர் துணைக்கு இருக்கட்டும். கீழே விழுந்ததை எடுக்க இடுப்பை வளைத்துக் குனிந்தால் குழந்தை தலைகீழாகச் சரியும். எப்போதும் குந்தியே எடுங்கள். குழந்தையின் தலை உங்கள் தலைக்கு மேலே இருக்கக்கூடும் என்பதால், தாழ்ந்த நிலைவாசலும் மரக்கிளையும் முதலில் அதன் நெற்றியைத்தான் தட்டும்.

இந்தப் பையோடு இருசக்கர வாகனத்தில் ஏறவே கூடாது. 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தைகளை ஏற்றிச் செல்ல, தலைக்கவசத்தையும் ஓட்டுநரோடு பிணைக்கும் பாதுகாப்பு வாரையும் கட்டாயமாக்கி மத்திய அரசு 2022 பிப்ரவரியில் விதி வெளியிட்டது. முதுகுப் பை அந்த வாருக்கு மாற்று ஆகாது.

படி 7: சிறிய நடையிலிருந்து தொடங்குங்கள்

பூங்காவில் இருபது நிமிடம் நடந்து பார்த்தபின் மலைக்குப் போங்கள். முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை இறக்கிக் கால்களை நீட்டவிடுங்கள். கொடைக்கானல் போன்ற இடங்களில் நடக்கும் உங்களுக்கு வியர்க்கும்போதே, அசையாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குக் குளிரெடுத்திருக்கும். பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். கூட வருபவர் பின்னால் நடந்தபடி குழந்தையின் முகத்தைக் கவனிக்கட்டும். தனியாகப் போனால் சிறு கைக்கண்ணாடியைத் தோள் பட்டையில் கட்டிக்கொள்ளுங்கள். தூங்கிவிட்ட குழந்தையின் தலை முன்பக்க மெத்தையில் பக்கவாட்டாகச் சாய்ந்திருந்தால் நடையைத் தொடரலாம். தாடை மார்பில் படிந்திருந்தால் அங்கேயே நின்று, பையை இறக்கி, மடியில் எடுத்துக்கொள்ளுங்கள்.