லோயர் ஐயாவுக்குக் கல்வெட்டு எழுதுவது எப்படி

யாழ்ப்பாணத்தில் ஒருவர் காலமானால் முப்பத்தோராம் நாள் வீட்டுக்கிருத்தியத்துக்கு வருகிறவர்களின் கையில் ஒரு நினைவுப் புத்தகம் கொடுப்போம், அதைத்தான் கல்வெட்டு என்கிறோம். முன்பக்கம் படம், உள்ளே சிவபுராணமும் தேவாரமும், பிறகு வம்சாவளி, அனுதாபச் செய்திகள், கடைசியில் நன்றி நவிலல். ஒரு குடும்பத்துக்கு இது போதும். ஆனால் ஓய்வுபெற்ற பிறகும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊரிலுள்ள அத்தனை பொதுச்சபைக் கூட்டத்துக்கும் போய்வந்த ஒரு சட்டத்தரணிக்கு இது போதவே போதாது. யாழ்ப்பாண மாவட்டத்தின் தென்மராட்சிப் பகுதியில் எங்கள் லோயர் ஐயாவுக்கு அப்படியொன்று செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. செய்து பழகியதைச் சொல்கிறேன்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு முடிந்த மறுநாளே தொடங்கிவிடுங்கள். அச்சகத்துக்குக் கடைசி ஒரு கிழமையை ஒதுக்கினால் உங்களுக்கு மிஞ்சுவது இரண்டு கிழமைதான்.

முதலில் வீட்டுக்குப் போகாதீர்கள், சங்கங்களுக்குப் போங்கள். சனசமூக நிலையம், மயான அபிவிருத்திச் சபை, கூட்டுறவுச் சங்கம், கோயில் பரிபாலன சபை, விளையாட்டுக் கழகம் எல்லாவற்றிலும் கூட்ட அறிக்கைப் புத்தகம் இருக்கும், அதில் அவர் என்ன பேசினார், எதை முன்மொழிந்தார், எதை எதிர்த்தார் என்று திகதியோடு கிடைக்கும். சங்கத்தின் விதிகளை எழுதிய யாப்பையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். எங்கள் ஊரில் நான்கு சங்கங்களின் யாப்பு ஒரே மாதிரியான வசனத்தில் இருந்தது, நான்கையும் எழுதியது அவர்தான் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

பல இடங்களில் புத்தகமே இருக்காது. போர்க்காலத்தில், 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் யாழ்ப்பாண நகரத்தைச் சுற்றியுள்ள வலிகாமம் முழுவதும் தென்மராட்சிப் பக்கம் வந்தது, 2000 ஆம் ஆண்டுச் சண்டையில் தென்மராட்சியின் நகரமான சாவகச்சேரியே சிதைந்தது. அந்த இடைவெளியை ஆட்களின் ஞாபகத்தைக் கொண்டுதான் நிரப்ப வேண்டும், அதற்கு எப்படிக் கேட்கிறோம் என்பது முக்கியம். “ஐயா எப்படிப்பட்டவர்?” என்று கேட்டால் “தங்கமான மனுசன்” என்று சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார்கள். “கடைசியா என்ன அலுவலுக்கு அவரிட்டப் போனனீங்கள்?” என்று கேளுங்கள், கதை தானாக வரும்.

அப்படிக் கேட்டபோதுதான் ஓர் ஆச்சி வேலிச் சண்டையைச் சொன்னார். பக்கத்து வீட்டார் வேலிக்கு நடும் கதியால் தடிகளைத் தள்ளி நட்டுவிட்டார்கள் என்று வழக்குப் போட இவர் போயிருக்கிறார். ஐயா காசு வாங்கவில்லை, அடுத்தநாள் விடிய அளவு நாடாவோடு வந்து, காணி உறுதிப் பத்திரத்தை விரித்துவைத்து, பழைய பூவரசின் அடிக்கட்டையைத் தேடி மண்ணைக் கிண்டியிருக்கிறார். “வழக்குப் போட்டா உன்ர பேரன் காலத்திலயும் முடியாது பிள்ளை, ரெண்டு பேரும் இப்பவே கதியாலைப் பிடுங்கி நடுங்கோ” என்றாராம். நட்டார்கள். அன்று முழுக்க அவர் அங்கேயே நின்றாராம். இதைப் போடுவதற்கு முன் இரண்டு வீட்டிலும் சம்மதம் கேட்டேன், பெயரையும் ஒழுங்கையையும் எடுத்துவிட்டேன். முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடிய தேட்டம் (திருமணத்துக்குப் பின் சம்பாதித்த சொத்து) என்று யாழ்ப்பாணத் தமிழரின் சொத்துச் சட்டமான தேசவழமைச் சிக்கலோடு அவரிடம் போனவர்களின் குடும்ப விஷயம் எதுவும் கல்வெட்டில் வரவே கூடாது. அவர் கடைசிவரை வாய் திறக்காத விஷயத்தை நாம் அச்சில் போடலாமா?

அவருடைய அலுமாரியைத் திறக்கும்போதும் இதே கவனம் தேவை. அங்கே இரண்டு வகைக் கடதாசி இருக்கும். ஒன்று அவர் ஊருக்காக எழுதிய கடிதங்களின் பிரதி: நகரசபைக்கு வாய்க்கால் பற்றி, மின்சார சபைக்குத் தெருவிளக்கு பற்றி, பஸ் வராததைப் பற்றி. இவைதான் உங்கள் புத்தகத்தின் உயிர், ஒன்றிரண்டை அவருடைய கையெழுத்திலேயே ஸ்கான் பண்ணிப் போடுங்கள். மற்றது கட்சிக்காரரின் கோவைகள். அவர் உறுதி எழுதும் நொத்தாரிசாகவும் இருந்திருந்தால், முடித்த உறுதிகளில் தன்னிடம் வைத்துக்கொண்ட பிரதிகளும் பதிவேடுகளும் இருக்கும். அவை குடும்பச் சொத்து இல்லை, காணிப் பதிவகத்தில் ஒப்படைக்க வேண்டியவை. பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வந்து வீட்டைத் துப்புரவாக்கும் அவசரத்தில் எரித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், உறுதி தொலைத்த எத்தனையோ பேருக்கு அதுதான் கடைசி வழி.

பட்டங்களைச் சரிபாருங்கள். பழைய ஆட்கள் அவரைப் பிரக்கிராசியார் (புறொக்டர்) என்பார்கள், சிலர் அப்புக்காத்தர் (அட்வகேட்) என்பார்கள். 1974 க்கு முன் இரண்டும் வேறு வேறு தொழில், அதற்குப் பிறகுதான் எல்லாரும் சட்டத்தரணி ஆனார்கள். அவர் எந்த ஆண்டு, எதுவாகச் சத்தியப்பிரமாணம் செய்தார் என்று பார்த்தால் எது சரி என்று தெரிந்துவிடும். சமாதான நீதவான் போன்றவற்றையும் கடிதத்தைக் கண்ட பிறகே போடுங்கள்.

அனுதாபச் செய்திகளில் நான் கொஞ்சம் கண்டிப்பாக இருந்தேன். அரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம், ஐயாவோடு நடந்த ஒரு சம்பவமாவது இருக்க வேண்டும் என்று எல்லாரிடமும் சொன்னேன். இரண்டு பேருக்கு மனவருத்தம். ஆனால் சந்தையில் மரக்கறி விற்கும் அண்ணை ஏழு வரி எழுதித் தந்தார், அதை முதலாவதாகப் போட்டேன்.

கறுப்புக் கோட்டுப் படம் ஒன்று போதும். மற்றப் படங்களைக் கனடாவில் இருக்கும் பிள்ளைகளிடம் கேட்கும்போது, வட்ஸ்அப்பில் டொக்கியுமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அச்சில் மங்கிப் போகும்.

வம்சாவளியை இரண்டு பெரியவர்களிடம் காட்டிவிட்டு அச்சுக்குக் கொடுங்கள்.

அப்புறம், எல்லாப் பிரதியையும் ஒரே வீட்டில் அடுக்கி வைக்காதீர்கள். செல்லப்பா என்பவர் 1933 இல் தன் வீட்டில் புத்தகம் இரவல் கொடுக்கத் தொடங்கியதிலிருந்து வளர்ந்த யாழ்ப்பாணப் பொது நூலகம், 1981 இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்தது. வேறெங்கும் பிரதி இல்லாதவை திரும்பி வரவில்லை. சனசமூக நிலையத்துக்கு ஒன்று, பொது நூலகத்துக்கு ஒன்று, அவர் படித்த பள்ளிக்கூடத்துக்கு ஒன்று கொடுங்கள். நூலகம் நிறுவனம் இப்படியான நினைவு மலர்களையும் மின்வருடி இணையத்தில் வைக்கிறது, அங்கேயும் கட்டாயம் கொடுங்கள்.

முப்பத்தோராம் நாள் முடிந்த பிறகும் ஆட்கள் வருவார்கள். எனக்கு நாற்பதாம் நாள் ஒரு மாஸ்டர் வந்து, ஐயா வாசிகசாலைக்குப் பத்திரிகைக் காசு தொடர்ந்து கட்டிவந்த பற்றுச்சீட்டுகளை நீட்டினார். தனித்தாளாக அச்சடித்து மிச்சமிருந்த பிரதிகளுக்குள் வைத்தேன், ஏற்கெனவே வாங்கிப் போனவர்களின் வீடுகளுக்கு இப்போது ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.