படலத்தின் தடிமனை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அளப்பது எப்படி?

சிலிக்கான் தகட்டின் மேல் துத்தநாக ஆக்சைடு படலத்தைப் படியவைத்துவிட்டீர்கள். அதன் தடிமனை அறிய, தகட்டை உடைத்து வெட்டுமுகத்தைப் பார்க்க வேண்டும். என் மாணவர்களுக்கு நான் முதலில் கற்றுத்தருவது இந்த உடைக்கும் வேலையைத்தான். நுண்ணோக்கியின் பொத்தான்கள் தானாகப் பழகிவிடும்.

(100) முகம் கொண்ட தகடு (இந்த எண் படிகத்தின் எந்தத் தளம் மேற்பரப்பாக இருக்கிறது என்பதைக் குறிக்கும்), ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் நேராகப் பிளக்கும். வைர முனையால் விளிம்பில் மட்டும் 2, 3 மில்லிமீட்டர் கீறுங்கள். குறுக்கே முழுவதும் கீறினால் சிலிக்கான் தூள் பறந்து படலத்தில் ஒட்டிக்கொள்ளும். கீறலுக்கு நேர் கீழே மெல்லிய கம்பி ஒன்றை வைத்து, இருபுறமும் ஒரே சமயத்தில் அழுத்துங்கள். பிளந்த முகம் கண்ணாடிபோல் பளபளத்தால் வேலை சரி. கீறல் விழுந்த ஓரத்தைப் படமெடுக்காதீர்கள்.

துண்டைச் செங்குத்தான தாங்கியில் வெள்ளிப் பசையால் ஒட்டி, நன்றாக உலரவிடுங்கள். ஈரப்பசை வெற்றிட அறையைக் கெடுக்கும். எலக்ட்ரான்களை முடுக்கும் மின்னழுத்தத்தை 5 கிலோவோல்ட்டில் தொடங்குங்கள். படம் வெளிறி நகர்ந்தால் மின்னூட்டம் தேங்குகிறது என்று பொருள். மின்னூட்டத்தை வடிக்க உடனே தங்கம் பூச ஓடாமல் முதலில் மின்னழுத்தத்தைக் குறைத்துப் பாருங்கள். தங்கப் பூச்சின் துகள்களைப் படலத்தின் துகள்கள் என்று எண்ணி ஏமாறுவது எளிது.

மாதிரி 10 பாகை சாய்ந்திருந்தாலே தடிமன் ஏறத்தாழ 1.5 சதவீதம் குறைவாகத் தெரியும். அளந்த மதிப்பைச் சாய்கோணத்தின் கொசைனால் வகுத்துவிடுங்கள். ஒரே இடத்தோடு நிறுத்தாமல், தகட்டின் நடுவிலும் ஓரத்திலும் அளந்து, வேறுபாட்டையும் சேர்த்தே எழுதுங்கள்.