ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறதா? கசிவைக் கண்டுபிடிக்கும் முறை

ஆர்சிசிபி (மின் கசிவைக் கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) அடிக்கடி விழுந்தால் அதைக் கழற்றிவிட்டு நேரடியாக லைன் கொடுத்துவிடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பேஸில் போகும் மின்சாரம் முழுவதும் நியூட்ரலில் திரும்புகிறதா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், ஈரச் சுவர் வழியாகவோ ஒருவர் உடம்பு வழியாகவோ கசிகிறது என்று பொருள், உடனே துண்டித்துவிடும். எம்சிபி (லோடு அதிகமானாலோ ஷார்ட் ஆனாலோ விழும் சுவிட்ச்) இதைக் கவனிக்காது. 16 ஆம்பியர் எம்சிபிக்கு அரை ஆம்பியர் கசிவு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அது 230 வோல்ட்டில் 115 வாட். இரவும் பகலும் கசிந்தால் இரண்டு மாத பில்லில் சுமார் 165 யூனிட் வீணாக ஏறும்.

கீழே உள்ள சோதனைக்கு எந்த மூடியையும் திறக்க வேண்டாம். கை ஈரமில்லாமல், செருப்புப் போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

படி 1: எல்லா எம்சிபியையும் இறக்கிவிட்டு ஆர்சிசிபியை மட்டும் தூக்குங்கள். நின்றால் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். கரண்ட் இருந்தும் விழவில்லை என்றால் அது பழுது, மாற்ற வேண்டும். நிற்கவே மறுத்தால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

படி 2: ஆர்சிசிபியை மீண்டும் தூக்கிவிட்டு, எம்சிபிகளை ஒவ்வொன்றாகத் தூக்குங்கள். எதைத் தூக்கும்போது விழுகிறதோ, கோளாறு பெரும்பாலும் அந்த லைனில்தான்.

படி 3: அந்த லைனில் உள்ள எல்லா ப்ளக்கையும் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. அது பேஸை மட்டும்தான் துண்டிக்கும், நியூட்ரலும் எர்த்தும் தொடர்பிலேயே இருக்கும். பிறகு ஒவ்வொன்றாக மாட்டி ஓடவிடுங்கள். முதலில் சந்தேகப்பட வேண்டியது கீசர். உப்புத் தண்ணீரில் காயிலின் மேல் உறை அரித்து, உள்ளே ஈரம் இறங்கும். காயில் சூடான பிறகே கசிவு தெரியவும் கூடும் என்பதால் பத்து நிமிடமாவது ஓடட்டும். அடுத்து அயர்ன் பாக்ஸ், வாஷிங் மெஷின், தண்ணீர் மோட்டார்.

எல்லாவற்றையும் பிடுங்கியும் விழுந்தால் கோளாறு ஒயரிங்கில். கேட் விளக்கு, மொட்டை மாடி பாயிண்ட், குளியலறைச் சுவர் ஆகியவற்றை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். எலெக்ட்ரீஷியன் 500 வோல்ட் மெக்கர் (ஒயர் இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) வைத்துச் சோதிக்கும்போது இன்சுலேஷனின் மின்தடை 1 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது.

எந்த எம்சிபியைத் தூக்கினாலும் விழுகிறதா? எங்கோ நியூட்ரல் எர்த்தைத் தொடுகிறது. இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் இன்னொரு காரணமும் உண்டு: இன்வெர்ட்டர் லைனின் பேஸ் ஆர்சிசிபி வழியாக வந்து, நியூட்ரலை மட்டும் வேறிடத்தில் இணைத்திருப்பார்கள். கசிவே இல்லாமல் விழும். இன்வெர்ட்டர் லைனுக்கு நியூட்ரலைத் தனியாகப் பிரிக்காமல் இது தீராது.

கம்ப்யூட்டர், டிவி போன்றவை நல்ல நிலையிலும் கொஞ்சம் கசியவிடும். ஆர்சிசிபி 15 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே விழலாம் என்பதால், பல கருவிகள் சேர்ந்தால் பழுதே இல்லாமலும் விழும். அப்போது லைன்களை இரண்டாகப் பிரித்து இரண்டு ஆர்சிசிபி போடுங்கள். 100 அல்லது 300 மில்லி ஆம்பியர் வாங்கி மாட்டாதீர்கள். அவை தீ விபத்தைத் தடுக்கத்தான், ஆளைக் காப்பாற்றாது. இன்வெர்ட்டர் ஏசி, புதிய வாஷிங் மெஷின் உள்ள லைனுக்கு ‘ஏ’ டைப் ஆர்சிசிபி (டிசி கலந்த கசிவையும் உணரும் வகை) கேட்டு வாங்குங்கள்.