பள்ளி நூலகத்துக்கு வாசகரை அழைத்து வர: ஒரு நிமிடக் காணொளியும் கியூஆர் குறியீடும்

தமிழ்நாட்டின் பல பள்ளிகளில் நூலகத்துக்கென்று தனி நூலகர் இல்லை; ஆசிரியர் ஒருவர்தான் தம் பாடவேளைகளுக்கு இடையில் அதையும் கவனித்துக்கொள்கிறார். புத்தகங்கள் பெரும்பாலும் பீரோவுக்குள் இருப்பதால், அங்கே என்னென்ன இருக்கின்றன என்பதே மாணவர்களுக்குத் தெரிவதில்லை. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது. அந்த வாசகரைத் தேடிப் பிடிக்கப் பொறுப்பாசிரியரிடம் ஏற்கெனவே இருக்கும் கைப்பேசி போதும். அதைக் கொண்டு குறுங்காணொளி எடுப்பதும், கியூஆர் குறியீடு வழியாக அதை உரியவரிடம் சேர்ப்பதும் எப்படி என்பதைப் பார்ப்போம்.

காணொளி எடுப்பதற்கு முன்பே, குறியீட்டை எங்கே ஒட்டப்போகிறோம் என்பதை முடிவு செய்துவிட வேண்டும். நூலகச் சுவரில் வண்ணச் சுவரொட்டியாக ஒட்டுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். ஆனால், பள்ளிக்குள் மாணவர்கள் கைப்பேசி கொண்டுவரக் கூடாது என்பதால் அந்தச் சுவரொட்டியை ஸ்கேன் செய்ய அங்கே ஆளே இருக்காது. வந்து பார்வையிடும் அதிகாரிகளுக்கு மட்டுமே அது பயன்படும். கைப்பேசியும் கொஞ்சம் ஓய்வும் சேர்ந்து கிடைக்கும் இடம் மாணவரின் வீடு. ஆகவே, குறியீடு வீட்டுக்குப் போகும் பொருளில் இருக்க வேண்டும்: இரவல் கொடுக்கும் புத்தகத்தின் பின்னட்டை உட்புறம், வீட்டுப்பாடக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கம், புத்தகத்துக்குள் செருகும் பக்க அடையாளச் சீட்டு ஆகியவை நல்ல இடங்கள். மாலையில் பிள்ளைகளை அழைத்துப்போகப் பெற்றோர் காத்து நிற்கும் வாயில் கதவும் அதற்கு ஏற்றதே. திறன்மிகு வகுப்பறை உள்ள பள்ளியில் நூலகப் பாடவேளையின்போது காணொளியை நேரடியாகத் திரையில் போட்டுவிடலாம். அங்கே குறியீடே தேவையில்லை. ஸ்கேன் செய்வது எப்படி என்று சொல்லிக்கொடுக்கும் வேலையும் அநேகமாக இல்லை. 2018இல் வந்த புதிய பாடநூல்களிலேயே இந்தக் குறியீடுகள் இருந்தன. இன்று தெருமுனைப் பூக்கடையில்கூட அதைக் காட்டித்தான் பணம் வாங்குகிறார்கள்.

அடுத்தது காணொளி. ஒரு காணொளிக்கு ஒரு புத்தகம், அதிகபட்சம் ஒன்றரை நிமிடம் என்று வரையறுத்துக்கொள்ளுங்கள். ‘எங்கள் பள்ளி நூலகம்’ என்ற தலைப்பில் அலமாரிகளை வரிசையாகக் காட்டி, பின்னணியில் இசை ஓடவிட்டு எடுக்கும் காணொளிகள் ஆண்டு விழாவுக்கு அழகாக இருக்கலாம். அவற்றைப் பார்த்துவிட்டு எந்தக் குழந்தையும் புத்தகம் கேட்டு வராது. கதைச் சுருக்கம் சொல்லும் காணொளி அதைவிட மோசம், ஏனென்றால் கதை தெரிந்துவிட்ட பிறகு புத்தகத்துக்கு வேலை இல்லை. காணொளி கேள்வியோடு நிற்க வேண்டும். விடை புத்தகத்தில் இருக்க வேண்டும்.

பறவைகளைப் பற்றிய புத்தகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி தூக்கணாங்குருவிக் கூட்டின் படமுள்ள பக்கத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு பேசத் தொடங்குகிறாள்: “இந்தக் கூட்டுக்குள்ளே குருவி களிமண்ணை அப்பி வைக்கும். ராத்திரி வெளிச்சத்துக்காக அதுல மின்மினிப் பூச்சியை ஒட்டி வைக்கும்னு எங்க ஆயா சொல்லுவாங்க. நிஜமாவே அதுக்குத்தானா? இந்தப் புத்தகத்துல வேற காரணம் போட்டிருக்கு.” பிறகு அட்டையை அருகில் காட்டி, புத்தகத்தின் பெயர், அது இருக்கும் அலமாரி, வரிசை எண் ஆகிய மூன்றையும் சொல்லி முடிக்கிறாள். இவ்வளவே போதும். அவள் வீட்டில் பேசுவது போலவே பேசட்டும்; எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்தால் அது காலை வழிபாட்டுக் கூட்டத்தில் திருக்குறள் ஒப்பிப்பதைப் போல ஆகிவிடும்.

படம்பிடிக்கும்போது ஒலியில்தான் அதிகக் கவனம் வேண்டும். படம் சற்று மங்கினாலும் பொறுத்துக்கொள்வார்கள், பேச்சு கேட்காவிட்டால் நிறுத்திவிடுவார்கள். மின்விசிறியை அணைத்துவிட்டு, இடைவேளை மணி அடிக்காத நேரம் பார்த்து, கைப்பேசியைப் பேசுபவருக்கு இரண்டடி தூரத்தில் வைத்து எடுங்கள். ஜன்னலைப் பார்த்து நிற்க வைத்தால் வெளிச்சம் முகத்தில் விழும். ஜன்னலுக்கு முதுகு காட்டினால் முகம் கறுத்துவிடும். பார்ப்பவர்களில் பலர் நாளொன்றுக்கு இவ்வளவு என்று அளந்த டேட்டாவில் பார்ப்பவர்கள் என்பதால், மிக உயர்ந்த தரத்தில் பதிவேற்ற வேண்டியதில்லை.

முகம் தெரியும்படி எடுப்பதென்றால் பெற்றோரிடம் எழுத்துமூலமான ஒப்புதலும் தலைமை ஆசிரியரின் அனுமதியும் முன்கூட்டியே வாங்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத அனைவரையும் குழந்தைகளாகவே கருதுகிறது. என்னைக் கேட்டால், முகமே தேவையில்லை: புத்தகம், அதைப் பிடித்திருக்கும் கைகள், குரல் ஆகியவை போதும். முழுப் பெயரும் வகுப்புப் பிரிவும் கண்டிப்பாக வேண்டாம். அதேபோல, புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படம்பிடித்து முழுவதும் வாசித்துவிடுவது பதிப்புரிமையை மீறுவதாகும். அட்டையும் ஓரிரு பக்கங்களும் காட்டினால் போதுமானது. திரைப்படப் பாடலைப் பின்னணியில் சேர்க்காதீர்கள்.

காணொளியை யூடியூபில் ஏற்றும்போது இணைப்பு உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி அமைக்கலாம். ‘குழந்தைகளுக்கானது’ என்று குறித்துவிட்டால் பின்னூட்டங்களும் நின்றுவிடும். கணக்கு பள்ளியின் பொது மின்னஞ்சலில் இருப்பது மிக முக்கியம். ஆசிரியரின் சொந்தக் கணக்கில் ஏற்றினால், அவர் பணிமாறுதலில் போகும் நாளோடு கடவுச்சொல்லும் போய்விடும்.

குறியீடு உருவாக்கத் தனிச் செயலி எதுவும் வேண்டாம். குரோம் உலாவியில் காணொளியைத் திறந்து பகிர்வுப் பட்டியலுக்குப் போனாலே குறியீடு கிடைக்கும். இணையத்தில் இலவசமாக உருவாக்கித் தரும் தளங்களில் ஓர் எச்சரிக்கை தேவை. சில தளங்கள் நம் இணைப்பை நேரடியாகப் பதிக்காமல், தங்கள் தளத்தின் வழியே சுற்றி அனுப்பும் குறியீட்டைத் தருகின்றன. இலவசக் காலம் முடிந்ததும் அது கட்டணம் கேட்கும் பக்கத்தில் போய் நிற்கும். இணைப்பே உள்ளே பதிந்திருக்கும் நிலையான குறியீட்டைத் தேர்ந்தெடுத்தால் அந்தத் தொல்லை இல்லை. பின்னால் காணொளிகளை மாற்றிக்கொள்ளும் வசதி வேண்டுமானால், தனிக் காணொளிக்குப் பதிலாக யூடியூபில் ஒரு காணொளித் தொகுப்பை உருவாக்கி அதற்குக் குறியீடு எடுங்கள். தொகுப்புக்குள் எதை வேண்டுமானாலும் சேர்க்கலாம், நீக்கலாம், குறியீடு மாறாது.

1994இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் வாகன உதிரிபாகங்களை அடையாளம் காண உருவாக்கியது இந்தக் குறியீடு. தொழிற்சாலை அழுக்கைத் தாங்க வேண்டும் என்பதால், சிதைந்த பகுதியை மீட்டெடுக்கும் திறனை அதற்குள்ளேயே வைத்தார்கள். எல், எம், கியூ, எச் என்ற நான்கு நிலைகளில் எச் நிலை ஏறக்குறைய 30 விழுக்காடு சிதைவு வரை தாங்கும். பிள்ளைகளின் கைபட்டுத் தேயும் புத்தகத்துக்கு எச் நிலையே நல்லது. ஆனால் அதனால் கட்டங்கள் நெருக்கமாகிவிடும் என்பதால் இணைப்பு சிறியதாக இருக்கட்டும். புத்தகத்துக்கு 2 சென்டிமீட்டருக்குக் குறையாத அளவு போதும். வாயிற்கதவில் ஒட்டுவதற்கு, நிற்கும் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு அகலம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்: இரண்டு மீட்டர் தூரத்திலிருந்து ஸ்கேன் செய்ய 20 சென்டிமீட்டர். வெள்ளைத் தாளில் கறுப்பாக அச்சிட்டு, சுற்றிலும் வெள்ளை ஓரம் விடுங்கள். பளபளப்பான லேமினேஷன் வெயிலில் கண்ணைக் கூசவைத்து ஸ்கேன் ஆகாமல் செய்துவிடும். குறியீட்டின் கீழே பள்ளியின் பெயரையும், உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சொல்லும் ஒரு வரியையும் அச்சிட வேண்டும். பணம் பறிக்கும் குறியீடுகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கும் பெற்றோர், பெயரில்லாத கட்டத்தை ஸ்கேன் செய்யத் தயங்குவது நியாயமே.

ஒரே பிரதி உள்ள புத்தகத்துக்குக் காணொளி எடுத்தால், மறுநாள் பலர் கேட்டு வந்து வெறுங்கையோடு திரும்ப நேரலாம். பிரதிகள் கூடுதலாக உள்ள நூல்களில் தொடங்குங்கள். இல்லாவிட்டால் முன்பதிவுக்கு ஒரு நோட்டு வைத்து, வரிசையாகப் பெயர் எழுதி, திரும்பி வரும் தேதியையும் சொல்லிவிடுங்கள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற யூடியூப் கணக்கை நம்பி மகிழ வேண்டாம். காணொளி வெளியான தேதியை இரவல் பதிவேட்டின் ஓரத்தில் குறித்துவைத்து, அதற்குப் பிந்தைய இரண்டு வாரங்களில் அந்தப் புத்தகம் எத்தனை முறை வெளியே போனது என்று எண்ணுங்கள். அசையாத புத்தகத்துக்கு வேறொரு மாணவரை வைத்து, வேறொரு பக்கத்திலிருந்து மீண்டும் எடுத்துப் பார்க்கலாம். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது எல்லாக் குறியீடுகளையும் ஒருமுறை ஸ்கேன் செய்து, வேலை செய்யாதவற்றை அன்றே கிழித்துவிட வேண்டும்.