கல்லுப்பும் செம்புக் கம்பியும்: வீட்டிலேயே ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி

உப்பிலுள்ள அணுக்களில் பாதி சோடியம், அதாவது உலோகம். ஆனால் உலோகத்தின் குணம் எதுவும் உப்பில் தெரியாது. அது ஏன் என்பதை மூன்று சோதனைகளில் பார்த்துவிடலாம்.

தேவையானவை: கல்லுப்பு 50 கிராம், உரித்த செம்புக் கம்பி, சுத்தியல், 9 வோல்ட் பேட்டரி, சிவப்பு எல்இடி, 470 ஓம் ரெசிஸ்டர், இரு முனையும் சீவிய பென்சில் 2, மேல்பூச்சு இல்லாத இரும்பு ஆணி. கல்லுப்பு, குமரி மாவட்டத்துப் புத்தளம், சாமித்தோப்பு உப்பளப் பக்கம் கிடைக்கும் பெரிய பரலாக இருந்தால் நல்லது. பாக்கெட் பொடியுப்பில் தட்டிப் பார்க்க முடியாது.

1. தட்டுதல்

தெளிவான பரல் ஒன்றைத் துணியில் சுற்றி மெதுவாகத் தட்டுங்கள். உடைந்த துண்டுகளை மொபைல் கேமராவில் பெரிதாக்கினால், தட்டையான முகமும் செங்கோண விளிம்பும் தெரியும். செம்புக் கம்பியைத் தட்டினால் நசுங்கி அகலும், உடையாது. உப்பில் நேர், எதிர் அயனிகள் (மின்னூட்டம் பெற்ற அணுக்கள்) மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு அடுக்கு சற்று நகர்ந்தாலே ஒரே மின்னூட்டங்கள் நேருக்கு நேர் வந்து விலக்கிக்கொள்ளும். செம்பில் அடுக்குகள் நகர்ந்தாலும், சுற்றித் திரியும் எலக்ட்ரான்கள் பிடியை விடுவதில்லை.

2. மின்சாரம்

பேட்டரி, ரெசிஸ்டர், எல்இடி மூன்றையும் தொடராக இணைத்து, விடுபட்ட இரு முனைகளைப் பென்சில் கரிகளில் கட்டுங்கள். கரிகளைச் செம்புக் கம்பியில் வைத்தால் எல்இடி எரிய வேண்டும். எரியாவிட்டால் எல்இடியின் கால்களை மாற்றிப் போடுங்கள்.

அடுத்து உப்புக் குவியலில் வையுங்கள். எரியக்கூடாது. மங்கலாக எரிந்தால் உப்பு ஈரம் என்று அர்த்தம். நம் கடற்கரைக் காற்றில் இது சகஜம், கல்லுப்பிலுள்ள மக்னீசியம் குளோரைடு ஈரத்தை இழுக்கும். வாணலியில் 5 நிமிடம் வறுத்து, ஆறியவுடனே சோதியுங்கள். வறுக்கும்போது மூடி போடுங்கள்: பரலுக்குள் சிக்கிய உப்புநீர் ஆவியாகிப் படபடவென வெடித்துத் தெறிக்கும். உப்பு மட்டும் உருகவே உருகாது, அதற்கு 801 டிகிரி செல்சியஸ் வேண்டும். அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும், ஆகவே உருகுநிலையை வைத்து உலோகத்தை அடையாளம் காண முடியாது.

இனி 200 மி.லி. பேட்டரி தண்ணீரில் (காய்ச்சி வடித்த நீர்) கரிகளை மட்டும் முக்குங்கள்: எரியாது. 2 டீஸ்பூன் உப்பைக் கரைத்தால் பளிச்சென்று எரியும். கட்டிப்போட்டிருந்த அயனிகள் இப்போது நகர்கின்றன. பிளீச்சிங் பவுடர் வாடை அடித்தால் அது குளோரின். சன்னலைத் திறந்து வைத்து, 10 வினாடிக்குள் நிறுத்துங்கள். கரிக்குப் பதில் செம்புக் கம்பியை முக்கினால் அதுவே அரிக்கப்பட்டுக் கரைசல் கலங்கிவிடும்.

3. ஆணி

உப்புத்தாளால் தேய்த்த ஆணியை அந்தக் கரைசலில் பாதி மூழ்கும்படி 3 நாள் வையுங்கள். துரு ஏறும். இரும்பைத் தின்பது ஆக்சிஜனும் நீரும்தான். உப்பு, துருப்பிடிக்கும்போது ஓடும் சிறு மின்னோட்டத்துக்கு வழிவிட்டு வேலையை விரைவாக்குகிறது. கடலோரக் குளச்சல் பக்கத்துச் சன்னல் கம்பிகளும் இப்படித்தான் போகின்றன.

ஆணியை எடுத்துவிட்டு, கரைசலை வடிகட்டித் தட்டில் ஊற்றி வெயிலில் காயவிடுங்கள். உப்பு மறுபடி பரலாகத் திரும்பும். துரு மறுபடி ஆணியாகாது.