எந்தக் கூண்டு, எந்தக் கடல்: ஏஐ-யிடம் விவரத்தோடு கேட்பது எப்படி

"பாம்பன்ல கூண்டு ஏத்திட்டாங்க, நாளைக்குத் தொழிலுக்குப் போகலாமா?" என்று பக்கத்து ஊரான மண்டபத்தில் யாரிடம் கேட்டாலும், "எத்தனாம் நம்பர்ணே?" என்றுதான் பதில் வரும். கூண்டு என்றால் புயல் எச்சரிக்கை, தொழில் என்றால் மீன்பிடி. அங்கே யாரும் விளக்கிச் சொல்வதில்லை. ஏஐ செயலிக்கு அது கேள்வியிலேயே இருக்க வேண்டும். விட்டதைப் பயிற்சியில் அதிகம் கண்டதை வைத்து அதுவே ஊகித்து நிரப்பிக்கொள்ளும்.

அதனால் கேள்விக்கு முன்னால் ஊர், கடல், தேதி, படகு, எதற்காகக் கேட்கிறோம் என்பதை எழுதுங்கள். இதில் பலர் விடுவது கடலைத்தான். வாடைக் காலத்தில் பாக் விரிகுடா கொந்தளிக்கும்; தென்மேற்குக் காற்றில் மன்னார் வளைகுடா. வெறுமனே "பாம்பன் கடல்" என்றால் இரண்டில் எது?

"தடைக்காலம் எப்போது?" என்று மொட்டையாகக் கேட்டாலும் வம்புதான். விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டுமே 61 நாள். எனவே மேற்குக் கரைத் தேதியைச் சொன்னாலும் நாள் கணக்கு சரியாக வரும், சந்தேகமே வராது.

செயலி சூழலைப் பிடிக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை. "படகு பாலத்துக்கு அடியில் போகவில்லை, அது உயரமாக இருந்தது. எது?" என்று கேளுங்கள். படகு என்று சொல்ல வேண்டும். புது உரையாடல் திறந்து, "உயரமாக" என்பதைத் "தாழ்வாக" என்று மாற்றிக் கேளுங்கள். இப்போது பாலம். கணினி அறிஞர் டெர்ரி வினோகிராட் 1972-இல் காட்டிய உத்தி இது: ஒரு சொல் மாறினால் "அது" வேறாகிவிடும். பழைய உரையாடலிலேயே கேட்டால் முந்தின பதிலின் சாயல் ஒட்டும், சோதனை கெடும்.

பதில் பிசகினால் "தப்பு" என்று மட்டும் எழுதாதீர்கள். மன்னிப்புக் கேட்டுவிட்டு இன்னொரு ஊகத்தை நீட்டும். "கூண்டு என்றது துறைமுக எச்சரிக்கை" என்று பிசகின இடத்தைச் சுட்டுங்கள். பிறகு, "என் கேள்வியை எப்படிப் புரிந்துகொண்டாய், இரண்டு வரியில் சொல்" என்று கேளுங்கள். பாதிக் கோளாறு அங்கேயே தெரிந்துவிடும்.

கடலுக்குப் போவதா வேண்டாமா என்ற முடிவை மட்டும் அதனிடம் விடக்கூடாது. அதற்கு வானிலை ஆய்வு மையமும் மீன்வளத் துறையும் விடும் அறிவிப்புதான். புரியாத வரி இருந்தால் அறிவிப்பை முழுசாக ஒட்டி விளக்கம் கேளுங்கள், வெளியான தேதி, நேரத்தோடு. தேதி இல்லாவிட்டால் நேற்றைய 3-ஆம் எண் கூண்டை இன்றைக்கு ஏற்றியதாகவே செயலி எடுத்துக்கொள்ளலாம்.