ஆபரேஷனுக்கு முன் ரத்தப் பரிசோதனை: நாம் எங்கே தவறுகிறோம்?

மோக்காவில் பாரதியார் பெயர் தாங்கிய அரசுக் கண் மருத்துவமனையில் கண்புரை ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்ததும், "எதற்கும் முழு செக்கப் ஒன்று பார்த்துவிடுவோம்" என்று அம்மாவைத் தனியார் லேபுக்கு அழைத்துப் போகிற பிள்ளைகள் மொரீஷியஸில் நிறையப் பேர். பாசம்தான். ஆனால் அதனால் அம்மாவுக்குப் பெரும்பாலும் பலன் இல்லை.

லேப் தாளில் நார்மல் என்று போட்டிருக்கும் அளவு, நலமாக இருப்பவர்களில் 95 சதவீதம் பேருக்குப் பொருந்தும்படி வகுத்தது. மீதிப் பேர் ஒரு நோயும் இல்லாமலே அதற்கு வெளியே நிற்பார்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனை எடுத்தால், நலமாக உள்ளவருக்கும் ஏதாவது ஒன்றில், அளவு நார்மலுக்கு வெளியே என்று காட்டும் நட்சத்திரக் குறி விழ 64 சதவீத வாய்ப்பு. பிறகு மறுபரிசோதனை, இன்னொரு டாக்டர், தள்ளிப்போகும் தேதி. அதுவரை அம்மா மங்கிய கண்ணோடுதான் மாடிப்படி இறங்க வேண்டும். வட அமெரிக்காவில் 19,000-க்கும் மேற்பட்ட கண்புரை ஆபரேஷன்களை ஆராய்ந்து 2000-இல் வெளியான ஆய்வில், வழக்கமான பரிசோதனைகள் எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் சிக்கல்கள் ஒரே அளவில்தான் இருந்தன.

அதற்காகப் பரிசோதனையே வேண்டாம் என்பதும் தவறு. இடுப்பு மூட்டு மாற்றுவது போல ரத்தம் போகிற ஆபரேஷன் என்றால் ஹீமோகுளோபின் தெரிந்தாக வேண்டும், அதுவும் சில வாரம் முன்பே. முந்தின நாள் தெரிந்து என்ன செய்ய? இரும்புச்சத்து மாத்திரை ரத்தத்தை ஏற்ற வாரக்கணக்காகும்.

நம் நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய். அவர்கள் வெறும் வயிற்றுச் சர்க்கரையை மட்டும் நம்பிவிடுகிறார்கள். சில நாள் வாயைக் கட்டினாலே அது இறங்கிவிடும். தைப்பூச விரத நாள்களில் எடுத்த அளவும் அப்படித்தான். இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைக் கணக்கைச் சொல்வது ஹெச்பிஏ1சி (HbA1c) என்ற ரத்தப் பரிசோதனை. அதற்குப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகளைச் சாப்பிடுவோர் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பெரும்பாலும் ஆபரேஷனுக்கு 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இல்லாவிட்டால் சர்க்கரை அதிகம் ஏறாமலே ரத்தத்தில் அமிலம் கூடலாம். வீட்டில் விரலில் குத்திப் பார்க்கும் சர்க்கரை மீட்டர் அதைக் காட்டாது.

என் கண்ணில் மிகப் பெரிய தவறு, ரத்தம் உறையும் பரிசோதனை சரியாக வந்துவிட்டது என்று வாயை மூடிக்கொள்வது. வழக்கமாக எடுக்கும் உறைதல் பரிசோதனைகளான பிடி (PT), ஏபிடிடி (aPTT) இரண்டும், ரத்தம் கட்டுவதைத் தடுக்கும் ஆஸ்பிரினின் விளைவைக் காட்டா. பல் பிடுங்கியபோது ரத்தம் நிற்காமல் கசிந்ததா, பிரசவத்தில் அளவுக்கு மீறிப் போனதா, கூடப் பிறந்தவர்களுக்கு அப்படி உண்டா என்பதை, கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். மாத்திரை அட்டைகள், நாட்டு மருந்து டப்பா, பழைய ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றையும் ஒரே பையில் எடுத்துப் போங்கள். ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவருக்கு அப்படி நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.